அளவுமானிக்குள் வைக்கப்பட்ட காது

இரைச்சலை அளக்கும் கருவி ஒலிமட்ட மானி எனப்படுகிறது. ஒரு முனையில் விரல்நுனி அளவுள்ள ஒலிவாங்கியும், நடுவே மின்சுற்றும், முகப்பில் எண் காட்டும் பகுதியும் கொண்ட இக்கருவி, காற்றில் நிகழும் நுண்ணிய அழுத்த மாற்றத்தை மின்னழுத்தமாக்கி, அதைப் பெருக்கி, டெசிபல் என்னும் அலகில் ஓர் எண்ணாகத் தருகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளரின் கையிலும், ஆலைகளின் பாதுகாப்பு அலுவலரிடமும், விமான நிலையங்களைச் சுற்றி நட்ட கம்பங்களிலும் இன்று அது காணப்படுவதால், வெப்பமானி வெப்பநிலையைக் காட்டுவதுபோல் இதுவும் இரைச்சலை உள்ளபடியே காட்டிவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. கருவி பிறந்து வளர்ந்த வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடம் தருவதில்லை. இரைச்சல் என்பது காற்றின் அதிர்வு மட்டுமன்று, அதைக் கேட்பவர் வழங்கும் தீர்ப்பும் அதனுள் அடங்கும் என்பதால், அளக்க முனைந்தவர்கள் கேட்பவரை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு கட்டத்திலும் விடை தேட வேண்டியிருந்தது. கருவியை விட்டுக் காதை நீக்கிவிட்டதாக அவர்கள் அறிவித்த காலத்திலேயே, வேறொரு காதை, அதுவும் குறிப்பிட்ட ஒரு வகைக் காதை, மின்சுற்றுக்குள் பதித்து வைத்தனர் என்பதே இவ்வரலாற்றின் மையச் செய்தி.

ஒலியை அளப்பது நெடுங்காலம் இயலாததாக இருந்ததற்கு அதன் ஆற்றல் மிகச் சிறிது என்பது முதற்காரணம். இளம் வயதினரின் காது கேட்கத் தொடங்கும் எல்லையில் காற்றழுத்தம் மாறும் அளவு ஏறத்தாழ 20 மைக்ரோபாஸ்கல், அதாவது ஒரு பாஸ்கலின் 50,000-இல் ஒரு பங்கு. நம்மைச் சூழ்ந்த காற்றின் நிலையான அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கல். காது வலியெடுக்கும் நிலையில்கூட அம்மாற்றம் சில பத்துப் பாஸ்கல்களைத் தாண்டுவதில்லை. இங்கிலாந்தின் இயற்பியலறிஞர் ரேலி பிரபு 1882-இல் அமைத்த முறையில், மெல்லிய இழையில் தொங்கும் சிறு வட்டத்தகடு ஒலியலையின் போக்கிற்குக் குறுக்காகத் திரும்ப முயல்வதைக் கொண்டு ஒலியின் வலிமை கணிக்கப்பட்டது. ரேலி வட்டு எனப் பெயர் பெற்ற அது ஆய்வகத்தில் பல பத்தாண்டுகள் நம்பகமான அடிப்படை முறையாக விளங்கியது. ஆனால் சன்னலைத் திறந்தால் வரும் காற்றே வட்டைத் திருப்பிவிடும் என்பதால், தெருவின் ஓசையை அளக்க அது எவ்வகையிலும் உதவவில்லை.

அளக்க வழியில்லாத அக்காலத்தில் இரைச்சலை எதிர்த்தவர்கள் எண்ணினர். கணிப்பொறியின் முன்னோடியாகக் கருதப்படும் சார்லஸ் பாபேஜ், லண்டனில் தம் வீட்டு வாசலில் நின்று இசைப்பெட்டி சுழற்றியவர்களாலும் ஊதுகுழல் வாசித்தவர்களாலும் தம் வேலை கெட்டதை நாள்தோறும் குறித்துவைத்து, ஏறத்தாழ 80 நாளில் 165 தொல்லைகள் எனக் கணக்குக் காட்டினார். தெருப் பாடகர்களை அகற்ற வீட்டுக்காரருக்கு உரிமை தரும் சட்டம் 1864-இல் நிறைவேறியதில் அவருடைய ஓயாத முறையீட்டுக்கும் பங்குண்டு. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றை நோக்கிய மாளிகையொன்றில் வாழ்ந்த ஜூலியா பார்னெட் ரைஸ் இந்த எண்ணும் முறையை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். மருத்துவம் பயின்றவரான அவர், ஆற்றில் செல்லும் இழுவைப் படகுகள் இரவெல்லாம் சங்கூதுவதைக் கணக்கெடுக்கக் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை அமர்த்தினார். ஒரே இரவில் ஏறத்தாழ 3,000 ஊதல்கள் பதிவாயின. 1906-இல் அவர் தேவையற்ற இரைச்சலை ஒழிக்கும் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே, படகுகள் காரணமின்றி ஊதுவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியது. மருத்துவமனைகளைச் சுற்றி அமைதிப் பகுதிகள் அமைக்கும் வழக்கம் நியூயார்க்கில் வேரூன்றியதும் அவருடைய முயற்சியாலேயே.

எண்ணும் முறையில் ஒரு சாய்வு உண்டு. எத்தனை முறை ஊதப்பட்டது என்பதை அது சொல்லும். எவ்வளவு உரக்க என்பதைச் சொல்லாது. தனித்தனியாகப் பிரித்து எண்ணத்தக்க ஓசைகளே, அதாவது கூவி விற்பவரின் குரல், தெருப் பாடகரின் இசை, படகின் ஊதல் ஆகியவையே அதன் வலையில் சிக்கும். ஆலையின் இடைவிடாத உறுமலை எண்ண முடியாது. அதோடு, உட்கார்ந்து எண்ணுவதற்கோ ஆள் வைத்து எண்ணுவதற்கோ வசதி உள்ளவரின் காதே அங்கு அளவுகோலாக இருந்தது. ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 1908-இல் இரைச்சல் எதிர்ப்புச் சங்கம் நிறுவிய மெய்யியலாளர் தியோடர் லெஸ்ஸிங், கம்பளத்தைத் தட்டித் தூசி உதறும் ஓசைகூடச் சிந்தனையைக் குலைக்கிறது என்று எழுதியபோது, வேலைக்காரர்களின் உழைப்பொலியை அறிவாளிகள் வெறுக்கிறார்கள் என்ற ஏளனம் எழுந்தது. சில ஆண்டுகளில் அச்சங்கம் மறைந்தது.

ஆலைக்குள் நிலவிய இரைச்சல் இந்த இயக்கங்களின் கண்ணில் படவே இல்லை. கிளாஸ்கோ நகரின் காது மருத்துவர் தாமஸ் பார் 1886-இல் வெளியிட்ட ஆய்வு அத்துறையில் தனித்து நிற்கிறது. கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரை அவர் சோதித்தார். கடிகாரத்தின் ஓசையை எவ்வளவு தொலைவிலிருந்து கேட்க முடிகிறது என்பதே அவர் கையாண்ட அளவு. ஒருவருக்கும் கேட்புத்திறன் இயல்பான நிலையில் இல்லை என அவர் கண்டார். இரைச்சலை அளக்கக் கருவி இல்லாததால், இரைச்சல் தின்று விட்டுவைத்த மிச்சத்தையே அவர் அளந்தார் எனலாம். ஆயினும், அவ்வளவு தெளிவான சான்று கிடைத்த பின்னும் அமெரிக்காவில் ஆலை இரைச்சலுக்குச் சட்டவழி எல்லை வகுக்கப்பட மேலும் எண்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அளவுமானியை உண்டாக்கியது இரைச்சலை எதிர்த்தவர்களின் முயற்சி அன்று, தொலைபேசித் தொழில். நெடுந்தொலைவு செல்லும் கம்பியில் பேச்சு எவ்வளவு மங்குகிறது என்பதை அறியாமல் அமெரிக்காவின் பெல் நிறுவனத்தால் தன் வலைப்பின்னலை விரிவாக்க இயலவில்லை. தொடக்கத்தில், குறித்த தடிமனுள்ள கம்பிவடத்தில் ஒரு மைல் தூரம் செல்லும்போது ஏற்படும் இழப்பையே பொறியாளர்கள் அலகாக வைத்திருந்தனர். அவ்வலகு ஒலியின் அதிர்வெண்ணைப் பொறுத்து, அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதைப் பொறுத்து மாறியதால், 1920-களில் அதைக் கைவிட்டு மடக்கைக் கணக்கில் அமைந்த செலுத்துகை அலகு என்பதை ஏற்றனர். தொலைபேசி கண்டவரான அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் அதற்கு டெசிபல் என்ற பெயர் 1928-இல் சூட்டப்பட்டது. ஆற்றல் பத்து மடங்கு பெருகினால் பத்து டெசிபல் கூடும், நூறு மடங்கு பெருகினால் இருபது கூடும், இரு மடங்கானால் மூன்று மட்டுமே கூடும் என்பதே அதன் இயல்பு. ஆகவே 80 டெசிபல் எழுப்பும் எந்திரம் ஒன்றின் அருகே அதே போன்ற இன்னொன்றை ஓட்டினால் 160 வருவதில்லை, 83-தான் வரும். காது கேட்கும் மிக மெல்லிய ஒலிக்கும் தாங்கக்கூடிய மிக உரத்த ஒலிக்கும் இடையே ஆற்றலில் லட்சம் கோடி மடங்கு வேறுபாடு இருப்பதால், அவ்வளவையும் 0 முதல் 120 வரையான எண்களுக்குள் அடக்கியது பெரும் வசதி. புலனுணர்வு தூண்டலின் மடக்கையைப் பின்பற்றுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் ஃபெக்னர் 1860-இல் முன்வைத்த கொள்கையும் அதற்குத் துணைநின்றது. வசதிக்கு விலையும் இருந்தது: 3 என்ற சிறிய எண் ஆற்றல் இரட்டிப்பானதைக் குறிக்கிறது என்பது பொதுமக்களுக்கு மட்டுமன்றி, சட்டம் இயற்றியவர்களுக்கும் பல முறை பிடிபடாமல் போயிற்று.

அலகோடு கருவியின் உறுப்புகளும் அதே தொழிலிலிருந்து வந்தன. பெல் அமைப்பின் ஆய்வாளர் இ. சி. வென்டே 1917-இல் விவரித்த மின்தேக்கி ஒலிவாங்கியில், இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகச் சவ்வும் அதன் பின்னே மயிரிழை இடைவெளியில் நிற்கும் தகடும் சேர்ந்து மின்னேற்றத்தைத் தாங்கி நிற்க, ஒலி சவ்வை அசைக்கும்போது இடைவெளி மாறி அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறும். முன்பிருந்த கரித்தூள் ஒலிவாங்கிகள் சில அதிர்வெண்களை மிகைப்படுத்தியும் சிலவற்றை விழுங்கியும் வந்திருக்க, இது எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே சீராக ஏற்றது. அதன் நலிந்த மின்குறியைப் பெருக்க வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய் இருந்தது. இவ்வாறு 1920-களின் நடுவில் ஒலிவாங்கி, பெருக்கி, அலகு ஆகிய மூன்றும் கைக்கெட்டும் நிலையில் இருந்தன. ஆனால் அவற்றை ஒன்றாக்கி முள் காட்டும் மானியாக்குவதற்கு முன், உயிருள்ள காதையே கருவியின் பகுதியாகக் கொண்ட ஓர் இடைக்காலம் வந்தது. அளவியல் வரலாற்றில் பலரும் அவசரமாகக் கடந்துசெல்லும் அவ்விடைக்காலம், இப்பொருளின் உட்சிக்கலை வேறெந்தக் காலத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

நகரமொன்றின் இரைச்சலைக் கருவிகொண்டு அளந்த முதற்பணிகளுள் ஒன்றை 1926-இல் இ. இ. ஃபிரீ என்னும் அறிவியல் எழுத்தாளர் நியூயார்க்கில் நடத்தினார். செவித்திறனைச் சோதிக்க மருத்துவருக்காகச் செய்யப்பட்ட கேட்புமானியை அவர் தெருவுக்கு எடுத்துச் சென்றார். அக்கருவியின் குழல்வாயிலிருந்து எழும் ரீங்காரம் காதில் விழ, தெரு ஓசையும் அதே காதுக்கு எட்டும். ரீங்காரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தெரு ஓசையை மீறி அது எப்போது கேட்கத் தொடங்குகிறது எனப் பார்த்து, அதைக் கொண்டு தெரு ஓசையின் வலிமை கணிக்கப்பட்டது. ஓர் ஒலி இன்னொன்றை மறைக்கும் இயல்பை வைத்து, மறைக்கும் ஒலியை எடைபோடும் முறை இது. அதே ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் வேறொரு வழியை வகுத்தார்: சோதிப்பவர் ஒரு காதால் இரைச்சலைக் கேட்டவாறு மறுகாதில் வைத்த குழல்வாயின் ரீங்காரத்தைத் திருகிக் கூட்டியும் குறைத்தும், இரண்டும் சம அளவு உரப்புடையனவாகத் தோன்றும் இடத்தில் நிறுத்துவார். அந்த உரப்பை, அதாவது காது உணரும் ஒலி வலிமையைக் குறிக்கும் ஃபோன் என்ற அலகு பார்க்ஹவுசன் வழியாகவே வழக்கிற்கு வந்தது.

இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ. எச். டேவிஸ் 1930-இல் முன்வைத்த முறையோ மின்சாரமே கேட்கவில்லை. இசைக்கவை ஒன்றைத் தட்டிக் காதருகே பிடித்தால் அதன் ஒலி குறித்த வேகத்தில் தேயும். சூழ்ந்துள்ள இரைச்சலுக்கு இணையாக அது தேய்ந்துவர எத்தனை நொடி ஆயிற்று என்று பார்த்தால் போதும், நொடிக்கணக்கே இரைச்சலின் அளவாகிவிடும். உரத்த இடத்தில் கவை விரைவில் தோற்கும், அமைதியான இடத்தில் நீண்டநேரம் நின்று கேட்கும். சட்டைப்பையில் அடங்கும் இந்த எளிய கருவித்தொகுதி, அன்று வண்டியிலேற்றிச் செல்ல வேண்டியிருந்த மின்கருவிகளோடு போட்டியிட்டது. ஆனால் இருவர் ஒரே இடத்தில் நின்று அளந்தால் இரண்டு எண்கள் வருவது மூன்று முறைகளுக்கும் பொதுவான குறை. களைத்த காதும் புத்துணர்வுள்ள காதும், தொழிலாளியின் காதும் அலுவலரின் காதும் ஒன்றல்ல.

நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ஷர்லி வின் 1929-இல் அமைத்த இரைச்சல் தணிப்புக் குழு, இவ்வகை அளவீட்டை முதன்முறையாக ஒரு மாநகர நிர்வாகத்தின் பணியாக மாற்றியது. அக்குழு முதலில் செய்தித்தாள்களில் வினாப்படிவம் அச்சிட்டு, எந்த ஓசை தொல்லை தருகிறது என்று மக்களிடம் கேட்டது. வந்து சேர்ந்த 11,000-க்கும் மேற்பட்ட மறுமொழிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாலைப் போக்குவரத்தைச் சுட்டின. உயர்பாலத் தொடர்வண்டிகளும் சுரங்க ரயிலும் அடுத்த இடம் பெற, கடைவாசல்களிலும் வீடுகளிலும் அலறிய வானொலிப் பெட்டி மூன்றாவதாக வந்தது. பாபேஜும் ரைஸும் பகைத்த தெருப் பாடகரும் கூவி விற்பவரும் பட்டியலின் கீழ்ப்பகுதிக்குத் தள்ளப்பட்டிருந்தனர். இருபதே ஆண்டுகளில் நகரத்தின் ஓசை மனிதத் தொண்டையிலிருந்து மோட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் கைமாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அதன்பின் கருவிகள் ஏற்றிய வண்டியொன்று நகரெங்கும் புறப்பட்டது. பெல் ஆய்வகமும் ஜான்ஸ்-மான்வில் நிறுவனமும் ஆளும் கருவியும் தந்தன. பின்னது ஒலியுறிஞ்சும் கூரைத் தகடுகளை விற்றுவந்த நிறுவனம் என்பதால், இரைச்சல் பெரிது என நிறுவப்படுவதில் அதற்கு இழப்பொன்றும் இல்லை என்பதையும் சொல்லிவைக்கலாம். வண்டி 500 மைலுக்கு மேல் சுற்றி, 138 இடங்களில் நின்று, ஏறத்தாழ 10,000 அளவீடுகளைத் திரட்டியது. தெருவின் உரப்பைப் பொதுமக்களுக்கு விளக்க விலங்குக்காட்சி சாலைக்குச் சென்று சிங்கம், புலி, யானை ஆகியவற்றின் முழக்கத்தையும் அளந்தனர். நகரின் பல முனைகளில் புலி ஒன்று நின்று எவ்வளவு உறுமினாலும் கடந்துசெல்பவர் காதில் அது விழாது என்ற குறிப்பு, 1930-இல் வெளிவந்த அறிக்கையின் புகழ்பெற்ற பகுதியாயிற்று. எண்களைவிட அந்தப் புலிதான் மக்கள் நினைவில் நின்றது. டெசிபலைக் கொண்டு நகரத்தை அளந்த முதற்பெரும் ஆவணமே, டெசிபல் எவருக்கும் புரியாது என்பதை உணர்ந்து விலங்கைத் துணைக்கழைத்தது.

குழுவின் பரிந்துரைகளில் பெரும்பாலானவை ஏட்டளவில் நின்றன. பொருளாதார வீழ்ச்சியின் நடுவே இரைச்சலுக்குச் செலவிட நகரத்திடம் பணமில்லை. குழுவும் சில ஆண்டுகளில் கலைந்தது. மேயர் லகார்டியா 1935 அக்டோபரில் இரைச்சலற்ற இரவுகள் என்ற இயக்கத்தை அறிவித்து, மறு ஆண்டு நகர மன்றத்தில் இரைச்சல் சட்டம் கொண்டுவந்தபோது, வாகன ஊதல், உரத்த வானொலி எனச் செயல்களே தடைப்பட்டியலில் இடம்பெற்றன. எத்தனை டெசிபல் கூடாது என்று சட்டம் சொல்வதற்கு, இரு கருவிகள் ஒரே ஓசைக்கு ஒரே எண்ணைத் தர வேண்டும். அந்நிலை அப்போது இன்னும் வரவில்லை.

ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் மானி செய்துவந்த அந்த ஆண்டுகளில் ஒரே அறையின் ஓசைக்குப் பல டெசிபல் வேறுபாடு தோன்றுவது இயல்பாக இருந்தது. 1929-இல் நிறுவப்பட்ட அமெரிக்க ஒலியியற் கழகத்தின் முன்முயற்சியில் தரநிலை வகுக்கும் பணி தொடங்க, அதற்கு அடித்தளமாக அமைந்தது பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு. குழல்வாய் அணிந்த சிறு குழுவினரிடம் வெவ்வேறு அதிர்வெண்ணுள்ள தூய ஒலிகளைக் கேட்கச் செய்து, 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றுக்குச் சம உரப்புடையதாக ஒவ்வொன்றும் எப்போது தோன்றுகிறது என அவர்கள் குறித்தனர். கிடைத்த வளைகோடுகள் இரண்டு உண்மைகளைக் காட்டின. தாழ்ந்த அதிர்வெண்ணுள்ள ஒலிகளுக்குக் காது மந்தமானது; அதே ஒலிகள் உரத்துப் போகப் போக அம்மந்தம் குறைகிறது. மெல்ல ஒலிக்கும்போது காதில் விழாத அடிநாதம், உரக்க ஒலிக்கும்போது மற்றவற்றோடு சரிக்குச் சரியாக வந்து மோதுகிறது.

இந்த வளைகோடுகளைக் கருவிக்குள் கொண்டுவருவதே 1936-இன் அமெரிக்கத் தற்காலிகத் தரநிலையும் அதன் பின் வந்த திருத்தமும் செய்த பணி. தடையும் மின்தேக்கியும் கொண்ட சிறு சுற்று ஒன்று, ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்குறியின் தாழ்ந்த அதிர்வெண் பகுதியை வேண்டிய அளவு மட்டுப்படுத்தும். எடையிடல் எனப்படும் இவ்வேற்பாடு மூன்று வகையாயிற்று. மெல்லிய ஒலிகளுக்குரிய 40 ஃபோன் வளைகோட்டை ஒட்டியது ஏ, நடுத்தர ஒலிகளுக்குரிய 70 ஃபோன் வளைகோட்டை ஒட்டியது பி, உரத்த ஒலிகளுக்காக ஏறக்குறையச் சமதளமாக விடப்பட்டது சி. முதல் நோக்கம் மிகத் தெளிவு: 55 டெசிபலுக்குக் கீழே ஏ-யையும், 55 முதல் 85 வரை பி-யையும், அதற்கு மேல் சி-யையும் பயன்படுத்த வேண்டும். கேட்பவரின் காது ஒலிக்கேற்ப மாறுவதால் கருவியின் காதும் மாற வேண்டும் என்பதே அவ்விதியின் கருத்து. அளவுகோலின் சுழிப்புள்ளியாக 1,000 ஹெர்ட்ஸில் 20 மைக்ரோபாஸ்கல் நிலைபெற்றது. சுருங்கச் சொன்னால், தொலைபேசி ஆய்வகத்தில் தூய ஒலி கேட்ட ஒரு சிலரின் சராசரிக் காது இப்போது மானிக்குள் குடியேறியது. அவர்களுள் ஒருவரும் ஆலையிலோ தெருவிலோ நின்று கேட்டவரல்லர்.

அக்காலக் கருவி கையடக்கமானதன்று. மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜில் இயங்கிய ஜெனரல் ரேடியோ நிறுவனத்தின் 759 வகை மானி, வால்வுகளும் மின்கலங்களும் நிறைந்த பெட்டியாக இருந்தது. அதன் ஒலிவாங்கியில் ரோஷெல் உப்புப் படிகம் இருந்தது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இப்படிகம் மலிவானது, ஆனால் ஈரத்தில் கெடும், 55 பாகை செல்சியஸ் அளவில் சிதைந்தே போகும். முள்ளின் அசைவுக்கு விரைவு, மெதுவு என இரு நிலைகள் வைத்தனர். துள்ளும் முள்ளைக் கண்ணால் பின்தொடர்ந்து ஒரு சராசரியை மனத்தால் ஊகித்து எழுதுவது அளப்பவரின் பொறுப்பு. காதை நீக்கிய கருவியில் கண் புகுந்துகொண்டது. டென்மார்க்கில் பெர் பிரூயலும் விகோ கியேரும் 1942-இல் நிறுவிய நிறுவனம் பின்னர் மின்தேக்கி ஒலிவாங்கி பொருத்திய துல்லிய மானிகளை உலகெங்கும் பரப்பியது. அளக்கும் முன்னும் பின்னும் அறிந்த அளவுள்ள ஒலியை, வழக்கமாக ஒரு பாஸ்கலுக்கு நிகரான 94 டெசிபலை, ஒலிவாங்கிக்கு ஊட்டிக் கருவியைச் சரிபார்க்கும் ஒழுங்கும் நிலைத்தது. அவ்வாறு சரிபார்க்காத எண்ணை நீதிமன்றத்தில் எளிதில் உடைத்துவிடலாம்.

மூன்று காதுகளில் ஒன்றே மிஞ்சியது என்பது இவ்வரலாற்றின் விந்தையான திருப்பம். ஒலி உரத்துச் செல்லும்போது சுவிட்சைத் திருப்ப வேண்டும் என்ற விதி நடைமுறையில் குழப்பமூட்டியது. 84-ல் ஒரு காதும் 86-ல் வேறொரு காதும் என்றால் சட்டம் எழுத முடியாது. ஆலைகளில் செவி கெடுவதை முன்னறிய ஏ அளவே போதுமான அளவு பொருந்துகிறது என்று 1960-களில் ஆய்வாளர்கள் காட்டியதும், அமெரிக்கத் தொழிலாளர் துறை 1969-இல் வகுத்த விதி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்-ஏ என்று எல்லை கட்டியது. கிளாஸ்கோவின் பார் கடிகாரத்தோடு நின்ற இடத்திலிருந்து அவ்வெல்லை வரை 83 ஆண்டுகள். மெல்லிய ஒலிக்காக வரைந்த வளைகோடு இவ்வாறு கொதிகலன் பட்டறையின் தீர்ப்பாளராயிற்று. செவிக்கேடு பெரும்பாலும் உயர் அதிர்வெண்களால் நேர்வதால் அங்கே பிழை சிறிது. ஆனால் 63 ஹெர்ட்ஸ் ஒலியில் 26 டெசிபலை ஏ சுற்று கழித்துவிடுவதால், டீசல் எஞ்சினின் உறுமலும், குளிர்சாதனப் பெட்டியின் முனகலும், சுவர் கடந்து வரும் பேரொலிபெருக்கியின் அதிர்வும் எண்ணில் சுருங்கின. அருகில் வாழ்வோரின் முறையீட்டில் அவை சுருங்கவில்லை.

ஜெட் விமானம் இக்குறையை வெளிச்சமாக்கியது. 1958-இல் போயிங் 707 நியூயார்க்கிலிருந்து பறக்கத் தொடங்குமுன், பழைய விசிறி எஞ்சின் விமானத்துக்கும் ஜெட்டுக்கும் மானி நெருங்கிய எண்களையே காட்டினாலும் கேட்பவர் ஜெட்டின் கிறீச்சொலியையே மிகுதியாக வெறுப்பதை ஒலியியலறிஞர்கள் கண்டனர். கார்ல் கிரைட்டர் 1959-இல் வெளியிட்ட உணரப்பட்ட இரைச்சல் என்ற கணக்குமுறை அதிலிருந்து பிறந்தது; நியூயார்க் துறைமுக ஆணையம் 112 என்ற எல்லையை அம்முறையிலேயே விதித்தது. விமானங்களுக்கெனத் தனியாக டி எடையிடலும் மானிகளில் சிறிது காலம் இடம்பெற்றது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 2002-ஆம் ஆண்டுத் தரநிலை பி-யையும் டி-யையும் கைவிட்டு, ஏ, சி இரண்டை மட்டும் காத்துக்கொண்டது.

துள்ளும் முள்ளைக் கண்ணால் சராசரியாக்கும் வேலையை மின்னணுவியல் ஏற்றபோது, சமன்மட்டம் என்னும் புதிய எண் தோன்றியது: ஏறியிறங்கும் ஓசையின் மொத்த ஆற்றலுக்கு ஈடாக, அதே நேரம் முழுவதும் மாறாமல் ஒலிக்கும் கற்பனை ஓசையின் மட்டம் அது. சீரான சாலை இரைச்சலுக்கு இது நேர்மையான அளவு. ஆனால் ஒரு மணி நேரம் அமைதியாக இருந்த தெருவில் 100 டெசிபல் அளவுள்ள ஊதல் ஒரே ஒரு நொடி ஒலித்தால், அம்மணி நேரத்தின் சமன்மட்டம் ஏறத்தாழ 64 மட்டுமே. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தவருக்கு அந்த 64 விளங்காது. ரைஸின் மாணவர்கள் எண்ணிய 3,000 ஊதல்களை இன்றைய மானி எவ்வளவோ துல்லியமாக அளக்கும். எத்தனை முறை என்ற அவர்களுடைய கேள்வி மட்டும் சராசரிக்குள் கரைந்துபோயிருக்கும்.

இந்தியாவில் இக்கருவி சட்டத்தின் மொழியாக மாறியது அண்மையில்தான். 2000 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45; வணிகப் பகுதிக்கு 65, 55; தொழிற்பகுதிக்கு 75, 70; மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரையான அமைதிப் பகுதிக்கு 50, 40 என வகுத்தன. எல்லாம் டெசிபல்-ஏ அளவிலான சமன்மட்டம். மனிதச் செவிக்குப் பொருந்திய அளவு என்று விதிகளின் அடிக்குறிப்பு விளக்கம் தருகிறது. அதே விதிகளின்படி, வரம்பைவிட 10 டெசிபல்-ஏ அளவேனும் ஓசை கூடும்போது ஒருவர் முறையிடலாம். முறையீடு அளவீட்டுக்கு வழிவகுத்த காலம் மாறி, அளவீடு முறையீட்டுக்கு முன்நிபந்தனையாகிவிட்டதை அவ்வரி காட்டுகிறது. இரவுநேரத் தடைகளை மீறுவோர்மீது எண்ணின்றியே முறையிடலாம் என்ற திருத்தம் 2010-இல் சேர்ந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-இல் சென்னை உட்பட ஏழு மாநகரங்களில் நிலையான அளவீட்டு நிலையங்களை நிறுவத் தொடங்கியது.

பட்டாசு விஷயத்தில் விதி எழுதியவர்கள் ஏ-யை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1999 அக்டோபரில் வெளியான அறிவிக்கை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல்-ஏ திடீர்நிலை அளவையோ, 145 டெசிபல்-சி உச்ச அளவையோ தாண்டும் பட்டாசைச் செய்யவும் விற்கவும் வெடிக்கவும் தடை விதித்தது. முள்ளும் சராசரியும் பிடிக்கத் தவறும் கணநேர அழுத்தத்தைப் பிடிக்கவே திடீர்நிலை, உச்சம் என்னும் இரு ஏற்பாடுகள். பல வெடிகளைத் திரியால் கோத்த சரவெடிக்கு மடக்கை வாய்பாடு ஒன்றையும் அது சேர்த்தது: கோத்த வெடிகளின் எண்ணிக்கைக்குரிய பத்தடி மடக்கையை ஐந்தால் பெருக்கி வரும் எண்ணை வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். சிவகாசியின் ஆயிரம் வாலாவுக்கு அது 15. ஆகவே அதில் உள்ள ஒவ்வொரு வெடியும் 110 டெசிபலுக்குள் அடங்க வேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் காற்று மாசு, ஒலி மாசு, திடக்கழிவு ஆகிய மூன்றையும் காரணங்காட்டிச் சரவெடியின் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் முற்றாகத் தடைசெய்தது. வாய்பாடு அறிவிக்கையில் எழுதப்பட்டிருக்க, அதை வைத்து அளக்க வேண்டிய பொருளே சட்டப்படி சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.